பின்னால் போவதற்கு ஐந்து கியர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, உன் மாமா, வண்டி ஆகிய நால்வரும் நலம். நால்வரில் வண்டி நலமாகி இப்போதுதான் கொஞ்ச நாளாகிறது, மாமா அப்பாவோடு மறுபடி பேச ஆரம்பித்தும் அதே கொஞ்ச நாள்தான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், போனில் நீ இருமியது வெறும் தொண்டைக் கரகரப்பு என்று சொன்னதை மட்டும் நான் நம்பவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் மணி அடித்தால் உன் அப்பா எந்த மூலையில் இருந்தாலும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், ஸ்பீக்கரில் போடு என்கிறார், போட்டால் அவரே பேசி முடித்து வைத்தும் விடுகிறார். நான் பேனாவை எடுத்தால் மட்டும் கடைக்குப் போகச் சொல்லப்போகிறேன் என்று பயந்து தள்ளிப் போய்விடுகிறார். நீ என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, வண்டியை விற்றுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் எப்போது என்னோடு வந்து இருக்கப்போகிறீர்கள் என்று. பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் கடைசியில் இருக்கிறது. தாண்டிப் படிக்காதே. ஆக்ஸில் மாற்றிய கதையைத் தெரிந்துகொள்ளாமல் பதிலை மட்டும் படித்தால் உனக்குக் கோபம் வரும். கதையைப் படித்த பிறகும் வரலாம், ஆனால் அது விவரம் தெரிந்த கோபமாக இருக்கும்.

மேட்டுத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஏறுவதில்லை, உன் அப்பாதான் வண்டியில் தொட்டி வைத்துக் கொண்டுபோய் ஊற்றுகிறார் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அன்றைக்குப் பள்ளிக்கூடச் சுவர் வளைவில் ஆக்ஸில் உடைந்து, பின் சக்கரம் தனியாகக் கழன்று, பிரேக்கும் இல்லாமல் தொட்டித் தண்ணீரோடு வண்டி பின்னாலேயே இறங்கி வந்து சுவரில் மோதி நின்றதும் தெரிந்ததுதான். நீ லீவு போட்டு வந்து அவர் தோளில் போட்ட கட்டைப் பார்த்துவிட்டுச் சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, இனி அவரை அந்த மேட்டில் ஏற விடாதே அம்மா, விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று, அப்போது நான் தலையாட்டியது சும்மா இல்லை. மனதார ஆட்டினேன். நீ போன மறுவாரமே ஆள் தேடிவிட்டேன். நாற்றுப் பண்ணை வைத்திருக்கிற ஒருவருக்குப் பூந்தொட்டி ஏற்ற வண்டி வேண்டுமாம், அவருக்கு மேடு ஏறுகிற வேலையே இல்லை. ஆனால் பின்னால் சக்கரம் இல்லாமல் கல் அடுக்கி நிறுத்தியிருக்கிற வண்டியை எவர் வாங்குவார், எப்படியும் சரிசெய்துதான் ஆகவேண்டும். அதனால் உன் அப்பாவிடம், வண்டியில் இருந்தது போலவே ஓர் ஆக்ஸில் வாங்கிப் போட்டுவிடுங்கள் என்றேன். அவர் வழக்கம்போலப் பாதியைக் கேட்டார். ஆக்ஸில் வாங்குவது காதில் விழுந்தது, இருந்தது போலவே என்பது விழவில்லை.

முதலில் வந்து பார்த்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து, கிரவுன் போச்சு என்றார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. பல்லுக்கு மேல் போடுகிற மூடியை நீ கிரவுன் என்றுதானே சொல்வாய், அந்தத் தைரியத்தில், வேர் வரைக்கும் போயிருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு விளக்கினார், இரண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கிற ஆக்ஸிலில் பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது, அதற்குள் பெரிய பல்சக்கரம் ஒன்று, அதற்குப் பெயர்தான் கிரவுன், அதில் ஒரு வரிசைப் பல்லே போய்விட்டது என்று. ஆக உன் தொழிலும் அவர் தொழிலும் ஒன்றுதான், உன்னிடம் வருகிறவர்கள் வலிக்கிறது என்று சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மாலையே உன் அப்பா சாப்பாட்டு மேசையில் ஒரு டம்ளரையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தார். நம் வண்டியில் சக்கரத்தைச் சுழல வைக்கிற கம்பியே வண்டியின் பாரத்தையும் தாங்குகிறதாம், அதனால் கம்பி உடைந்தால் சக்கரம் போய்விடும், சக்கரத்தோடு பிரேக்கும் போய்விடும். சின்ன லாரியின் ஆக்ஸிலில் அப்படி இல்லையாம். பாரத்தை வெளியே இருக்கிற குழாய் தாங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கிற கம்பிக்குச் சுற்றுவது ஒன்றுதான் வேலை, கம்பி இரண்டாக உடைந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் நிற்கும், பிரேக் பிடிக்கும். "சுமக்கிறது ஒண்ணு, சுத்துறது ஒண்ணு," என்று டம்ளருக்குள் கரண்டியைச் சுற்றிக் காட்டினார். அந்த லாரி ஆக்ஸிலை நம் வண்டியில் பொருத்தினால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று என்னை நம்பவைக்கப் பார்க்கிறார் என்று புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன விளக்கங்களில் நான் முழுதாகக் கேட்ட முதல் விளக்கம் அதுதான். விற்கிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன், நல்ல ஆக்ஸில் இருந்தால் நல்லபடியாக விற்கும் என்று கணக்குப் போட்டேன். இதில் நானும் உத்தமி இல்லை.

இனி நடந்ததற்கெல்லாம் காரணம் ஒரு வார்த்தை. அப்பாவுக்குத் தோளில் கட்டு இருந்ததால் லாரி உடைக்கிற இடத்துக்கு உன் மாமாதான் போனான். நம் வண்டியில் அந்த உருண்டை நட்டநடுவில் இருக்காது, பின்னால் நின்று பார்த்தால் இடது பக்கம் தள்ளி இருக்கும், இன்ஜினிலிருந்து வருகிற நீளக் கம்பி நேராக அதில்தான் வந்து சேரும். புதிதாக வாங்குவதிலும் அப்படியே இருக்கவேண்டும். மாமா அங்கிருந்து போன் செய்து உருண்டை எந்தப் பக்கம் அத்தான் என்று கேட்டான். உன் அப்பா, சோத்துக்கைப் பக்கம் என்றார். உன் அப்பா எந்தக் கையால் சாப்பிடுகிறவர் என்று உனக்குத் தெரியும், நீயும் அதே கைதான், பல் பிடுங்குவதும் அந்தக் கையால்தான். நான் அடுப்படியில் நின்று இதைக் காதால் கேட்டேன், எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடது என்றுதான் அர்த்தம், இத்தனை காலம் குடித்தனம் நடத்தியதில் உலகத்தில் மற்ற எல்லோருக்கும் அது வலது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மாமா சோத்துக்கைப் பக்கம் உருண்டை இருக்கிற ஆக்ஸிலாகப் பார்த்துப் பார்த்துத் தேடி, இரண்டு சக்கரத்தோடு வாங்கி, வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெற்றியோடு வந்து இறங்கினான்.

இறக்கி வைத்ததும் மூன்று ஆண்பிள்ளைகளும் அதைச் சுற்றி நின்றார்கள். மூன்றாவது ஆள் லேத் பட்டறைக்காரர். எதை அளந்தாலும் ஒரு நூல் கூடுது, ஒரு நூல் குறையுது என்பார், அதனால் அவருக்கு ஒரு நூல் என்றே பெயர், அவர் மனைவியே அப்படித்தான் சொல்கிறாள். உருண்டை வலது பக்கம் இருந்தது. அப்படியே பொருத்தினால் இன்ஜின் கம்பி கோணலாகப் போய் டீசல் டேங்கில் இடிக்கும். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அந்த இடத்தில் விற்றதைத் திரும்ப வாங்குகிற வழக்கம் இல்லை. அப்போது உன் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு யோசனை வந்தால் நாம் என்ன செய்வோம், உட்கார்ந்துகொள்வோம், நான் உட்கார்ந்துகொண்டேன். வலது கால் செருப்பைக் கழற்றித் தரையில் குப்புறப் போட்டான். "பாருங்க அத்தான், இப்ப இது இடது கால் செருப்பு ஆயிடுச்சா இல்லையா?" பார்த்தால் ஆகித்தான் இருந்தது. அதுபோல ஆக்ஸிலையும் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால் உருண்டை தானாக இடது பக்கம் வந்துவிடும் என்றான். மூவரும் அந்தச் செருப்பைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்த செருப்பைப் போட்டுக்கொண்டு யாரும் நடக்க முடியாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பிறகு நம் வாசலே பட்டறையானது. ஒரு நூல் வெல்டிங் பெட்டியைக் கொண்டுவந்து, ஸ்பிரிங் பட்டை உட்காருகிற மேடைகளை ஆக்ஸிலின் முதுகிலிருந்து அறுத்து வயிற்றில் ஒட்டினார், ஏனென்றால் இப்போது வயிறுதான் முதுகு. நீளமான போல்ட் தேடினார்கள், ஹேண்ட் பிரேக் கேபிளுக்கு ஒட்டுப் போட்டார்கள், இன்ஜின் கம்பியை அறுத்துக் குட்டையாக்கினார்கள். லாரிச் சக்கரம் உயரம் என்பதால் வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வாத்து மாதிரி நின்றது. எண்ணெய் ஊற்றியதும் கீழே சொட்டியது, மேலே இருக்கவேண்டிய காற்றோட்ட ஓட்டை கீழே வந்துவிட்டதாம், அதை அடைத்துவிட்டு மேலே வேறு ஓட்டை போட்டார்கள். எண்ணெய்க்குக்கூடத் தெரிந்தது தலைகீழாக இருக்கிறது என்று, இவர்களுக்குத் தெரியவில்லை. நடுவில் உன் பழைய படிப்பு மேசையை எடுத்து வாசலில் போட்டு ஸ்பேனர் வைத்தார்கள், ஒரு மூலை கறுத்துவிட்டது, கேட்காமல் எடுத்தது தப்புதான், நீ வரும்போது சண்டை போட்டுக்கொள்.

தோள் கட்டைப் பிரித்து டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொன்ன பிறகு ஓட்டிப் பார்க்க ஒரு காலைப்பொழுது குறித்தார்கள், நான் நாற்றுப் பண்ணைக்காரரையும் அன்றைக்கே வரச்சொன்னேன். பக்கத்துத் தெருவில் ஒரு வேலையாக வந்தவர் எட்டிப் பார்க்கிறார் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தேன். அப்பா ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, முதல் கியரைப் போட்டார். வண்டி மெதுவாக, மிகவும் அமைதியாக, பின்னால் வந்தது. துணி காய்கிற கொடியை இழுத்துக்கொண்டு வந்தது. கியரைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து இரண்டாவதைப் போட்டார், இன்னும் வேகமாகப் பின்னால் வந்து குளியலறைக் கதவை முட்டி நின்றது. கடைசியில் ரிவர்ஸ் கியரைப் போட்டார். பின் விளக்கு எரிந்தது, பின்னால் வருகிறேன் விலகுங்கள் என்று பீப் பீப் சத்தம் கேட்டது, வண்டி முன்னால் போனது. ஒரு நூல்தான் தலையில் கை வைத்துக்கொண்டு முதலில் உண்மையைச் சொன்னார். உருண்டையைக் கவிழ்த்ததில் உள்ளே இருக்கிற கிரவுன் சக்கரம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டதாம், அதனால் சக்கரம் சுற்றுகிற திசையே மாறிவிட்டதாம். இப்போது நம்மிடம் பின்னால் போவதற்கு ஐந்து கியரும் முன்னால் போவதற்கு ஒரு கியரும் இருந்தன. நாற்றுப் பண்ணைக்காரர் கொடியிலிருந்து அறுந்து விழுந்த உன் அப்பாவின் சட்டையைக் குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "ஏம்மா, வண்டி விக்கிறீங்களா, வித்தை காட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். விக்கிறீங்களா என்றது உன் அப்பா காதில் விழுந்தது. என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகுதான் யார் தப்பு என்ற பஞ்சாயத்து. உன் அப்பா சோத்துக்கை என்று தெளிவாகச் சொன்னேனே என்றார். மாமா, ஊர் உலகத்துக்கெல்லாம் சோத்துக்கை என்றால் வலது கை அத்தான் என்றான். உன் அப்பா இடது கையைத் தூக்கிக் காட்டி, எனக்கு இதுதானே சோறு ஊட்டுது, இத்தனை வருஷமா எதிரே உட்கார்ந்து சாப்பிடுறவனுக்கு இது தெரியாதா என்றார். அவன், சாப்பிடும்போது நான் என் தட்டைத்தான் பார்ப்பேன் என்றான். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான், ஒரு பக்கம் கட்டியவர், ஒரு பக்கம் கூடப்பிறந்தவன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்றேன். அதோடு இரண்டு பேரும் என்னோடும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மாமா வீட்டுப் பக்கமே வரவில்லை. உன் அப்பா வீம்புக்கு வலது கையால் சாப்பிட ஆரம்பித்தார், பாதி மடியில் விழுந்தது, நான் பார்க்காதது போல இருந்தேன். நீயும் மாப்பிள்ளையும் சண்டை போட்டால் சாப்பாட்டில் மட்டும் காட்டாதீர்கள், அதைத் துடைக்கிற வேலை நமக்குத்தான் வந்து சேரும்.

மேட்டுத் தெருக்காரர்கள் குடத்தையும் கேனையும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து நம் வாசல் வழியாகத்தான் குழாயடிக்குப் போவார்கள். போகும்போது வண்டியைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். எப்போது சரியாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நூலைக் கூப்பிட்டு இனி என்ன வழி என்று நானே கேட்டேன். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தார். உருண்டையின் ஒரு பக்கக் குழாய் நீளம், மறுபக்கக் குழாய் குட்டை, அதனால்தான் உருண்டை ஓரமாக நிற்கிறது. ஆக்ஸிலை மறுபடி நிமிர்த்தி, இரண்டு குழாயையும் அறுத்து எடுத்து இடம் மாற்றி ஒட்டிவிட்டால், உருண்டையும் இடது பக்கம் வந்துவிடும், கிரவுனும் இருக்கவேண்டிய பக்கத்திலேயே இருக்கும் என்றார். உள்ளே போகிற கம்பிகளையும் பக்கம் மாற்றிச் செருகிக்கொள்ளலாமாம். ஆனால் குழாய் ஒரு நூல் கோணினாலும் சக்கரம் ஆடும், அதனால் இதை வாசலில் வைத்துச் செய்ய முடியாது, வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள் என்றார்.

பட்டறை கடைத்தெருவின் அந்தக் கோடியில் இருக்கிறது. முன்னால் போக இருக்கிற ஒரே கியர் ரிவர்ஸ், அதில் நடக்கிற வேகம்தான் வரும், போகிற வழியெல்லாம் பீப் சத்தம் வேறு. முன்னால் நடந்து வழி விலக்க ஓர் ஆள் வேண்டும். உன் அப்பா கேட்கமாட்டார், நான்தான் என் தம்பிக்குப் போன் செய்தேன். வந்தான், அத்தானோடு பேசாமல் தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றான். புறப்பட்டார்கள். பீப் சத்தம் கேட்டதும் வண்டிக்குப் பின்னால் வருகிறவர்களெல்லாம் அலறி அடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்கள், வண்டி அவர்களைவிட்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. முடிவெட்டுகிறவர் கத்தியோடு வெளியே வந்தார், அவர் பின்னாலேயே முகம் முழுக்க நுரையோடு ஒருவர் வந்தார். ஒரு கடைக்காரர், பின்னால போற வண்டிய எதுக்குய்யா முன்னால ஓட்டுறீங்க என்று கேட்டார், அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா நேராகப் பார்த்தபடி, மந்திரி ஊர்வலம் போல ஓட்டிக்கொண்டு போனார். நான் ஓரமாக, இவர்களைத் தெரியாதவள் போல நடந்தேன். பாதி வழியில் முன்னால் நடந்துகொண்டிருந்த உன் மாமாவின் முதுகு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தான். அதை உள்ளிருந்து பார்த்த உன் அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. பட்டறைக்குப் போய்ச் சேரும்போது சமாதானமாகியிருந்தார்கள், யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அறுத்து ஒட்டுவதை நான் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இந்த முறை யாராவது செருப்பைக் கழற்றினால் தடுக்கவேண்டும் என்றுதான் போனேன், பிறகு எழுந்து வர மனம் வரவில்லை. ஒரு நூல் நீளமான நேர்க்கம்பி ஒன்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உள்ளே விட்டு, அது தட்டாமல் சுழல்கிறதா என்று பார்த்துப் பார்த்து, மேலே கொஞ்சம் கீழே கொஞ்சம் என்று பற்றவைத்து, ஆறவிட்டு, மறுபடி சுற்றிப் பார்த்து, ஒரே நாளில் முடித்துவிடாமல் செய்தார். பிறகு வண்டிச் சோதனை அலுவலகத்தில் காட்டவேண்டியிருந்தது. அந்த அதிகாரி அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு வந்து, இது யார் செஞ்ச வேலை என்று கேட்டார், மூன்று பேரும் ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டினார்கள். வேலை நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் கேட்டாராம். தொட்டியை முழுக்க நிரப்பக்கூடாது என்று சொல்லிச் சான்று கொடுத்தார். நான் அன்றைக்கே தொட்டியில் சிவப்புச் சாயத்தில் கோடு போட்டுவிட்டேன், தண்ணீர் அதற்குமேல் போனால் குழாயை மூடுவது நான்தான் என்றும் சொல்லிவிட்டேன்.

மேடு ஏற்றிப் பார்க்கிற நாள் வந்தது. முதல் கியரில் வண்டி முன்னால் போனது, இவ்வளவு சாதாரண விஷயத்துக்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கோடுவரை தண்ணீர் பிடித்தாகிவிட்டது, மாமா சக்கரத்துக்கு அடியில் வைக்கிற கட்டையோடு பின்னால் நடந்துவருவதாக ஏற்பாடு. நான் ஏறப்போனேன். உன் அப்பா, நீ வீட்டுலயே இரு என்றார். ஏன் என்றேன். முதல் தடவை ஏத்துறேன், எதுக்கு நீ என்றார். எனக்கு அதுவரை இருந்த எல்லாக் குழப்பமும் அந்த நிமிஷம் தெளிந்தது.

"நீங்க மட்டும் போற வண்டின்னா இன்னைக்கே வித்துடலாம்," என்றேன்.

அவர் உள்ளிருந்தபடியே கையை நீட்டி என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். அந்த இருக்கையில் பாரத்தோடு ஒருநாளும் நான் உட்கார்ந்ததில்லை. டீசலும் நனைந்த ரப்பர் குழாயும் கலந்து ஒரு வாடை, முதுகுக்குப் பின்னால் தண்ணீர் அடித்துக்கொள்கிற சத்தம். பள்ளிக்கூடச் சுவர் வந்தது, இடிந்த இடத்தில் புதுச் சிமெண்டு வேறு நிறமாகத் தெரிந்தது. நேராக ஏறிப் போய்விடுவார் என்று நினைத்தேன், அந்த வளைவில் சரியாக அதே இடத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பயந்துவிட்டேன், அதை மறைக்க ஒன்றும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு உன்னை நினைத்தேன், நினைத்ததும் காரணமே இல்லாமல் உன்மேல் கோபம் வந்தது. மாமா ஓடிவந்து சக்கரத்தடியில் கட்டையை வைத்தான். கட்டைய எடுடா என்றார் இவர். அவன் தயங்கி எடுத்தான். கியர்மேல் இருந்த கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார், நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். பிரேக்கை விட்டார். வண்டி ஒரு மூச்சு விட்டதுபோல அசைந்தது, பிறகு ஏறியது.

மேலே குடமும் டிரம்முமாக நின்றிருந்தவர்கள் யாரும் கைதட்டவில்லை. முதல் வீட்டு அம்மா, இத்தனை நாளா எங்கய்யா போனீங்க என்று சண்டைக்கு வந்தாள். குழாயை யாராவது பிடிக்கவேண்டுமே என்று நான் பிடித்தேன். உன் அப்பா பின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, சூடு ஏறியிருக்கிறதா என்று நடுவில் கை வைத்துப் பார்த்தார். கையை எடுக்காமலேயே என்னிடம் சொன்னார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. அன்னையிலேருந்து எனக்குத்தான் பயம். பயந்துபோய் விட்டுட்டேன்னு இருக்கக் கூடாது, அதுக்குத்தான் இவ்வளவும். ஏத்தியாச்சு. இப்ப வித்துடு, நீ பேசி வெச்ச ஆளுக்கே குடு. மக கூப்பிடுறா, போயிடுவோம்."

கண்ணு, நீயும் நானும் சமையலறையில் நின்று வேண்டிக்கொண்டது கைக்கு வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரும் என்று குழாயைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தேன். டிரம் நிரம்பி வழிந்ததுதான் மிச்சம், அந்த அம்மா என்னையும் திட்டினாள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். இத்தனை வருஷமாக அவர் மேடு ஏறும்போதெல்லாம் நான் அடுப்படியில் நின்று வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். திரும்பி வருகிற சத்தம் கேட்டால்தான் அடுத்த வேலை ஓடும். என் பயமெல்லாம் அந்த அடுப்படியில்தான் இருந்திருக்கிறது. வண்டிக்குள் உட்கார்ந்தபோதும் பயந்தேன், ஆனால் பயம் கண்ணுக்கு முன்னால் இருந்தது, அவர் கை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. உன் வீட்டுக்கு வந்தால் நான் எந்தச் சத்தத்துக்குக் காது கொடுப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன், உன் கார் வருகிற சத்தத்துக்குத்தான். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. மறுநாள் அவர் கிளம்பும்போது நானும் ஏறி உட்கார்ந்தேன், அதற்கு மறுநாளும். முதலில் எந்த வீடு, பிறகு எந்த வீடு என்பதை இதுவரை அவர் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார், நான் மாற்றிவிட்டேன். இப்போது மேலே யாரும் சண்டைக்கு வருவதில்லை, வந்தாலும் நான் இருக்கிறேன்.

நாற்றுப் பண்ணைக்காரர் போன வாரம் மறுபடி வந்தார், வண்டி இப்போது முன்னால் போகிறதாமே என்று விசாரித்துக்கொண்டு. சுற்றி வந்து பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார், பிடித்துப்போய்விட்டது, இப்பவே எடுத்துக்கிறேன் என்றார். உன் அப்பா சாவியை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, அவங்ககிட்ட பேசுங்க என்று சொல்லித் தள்ளி நின்றுகொண்டார்.

"இது விக்கிறதுக்கில்லைங்க," என்றேன். "நான் வேலைக்குப் போற வண்டி."

அதனால் உன் கேள்விக்குப் பதில் இதுதான். உன் அப்பா வரத் தயாராக இருக்கிறார். நான்தான் வரவில்லை. உன்னைப் பார்க்க வருவோம், இருக்க வரமாட்டோம். சண்டை போடுவதென்றால் இனி என்னிடம் போடு, அவரிடம் ஒன்றும் கேட்காதே, அவர் பாவம்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும், உன் கை பட்ட வாயெல்லாம் உன்னை வாழ்த்தவேண்டும், வலி போன பிறகாவது. நின்றுகொண்டே வேலை செய்யாதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும். மறக்காமல் ஒன்று செய், எனக்கு முழங்கால்வரை வருகிற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி அனுப்பு, மேட்டுத் தெருவில் குழாய் பிடிக்கும் இடமெல்லாம் சேறு. கடையில் நீயே போட்டுப் பார்த்து வாங்கு, உன் கால் அளவுதான் என் அளவும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீர்ந்துவிட்ட
அம்மா